வாளும் குஞ்சமும்

தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவ்வரசன் பெருமிதத்தோடு திறந்து காட்டிய படைக்கொட்டிலில், மயிலிறகு தரித்து, தொடையல் பூண்டு, நெய்ப்பூச்சில் மின்னிக்கொண்டு நின்ற ஆயுதங்களைக் கண்ணுற்று, தம் தலைவனுடைய வேல்களோ நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று புகழ்வதுபோலப் பழித்துரைத்த நயத்தைப் புறநானூற்றின் 95-ஆம் பாட்டில் கற்றவர்கள், அலங்காரம் ஏறிய ஆயுதம் சோம்பிக் கிடக்கும் ஆயுதம் என்னும் தீர்ப்பை மனத்தில் ஒரு சூத்திரமாகவே எழுதி வைத்துக்கொள்கிறோம். தொண்டைமானின் கொட்டிலுக்கு அது மிகப் பொருத்தமான தீர்ப்பு. ஆனால் அதே தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சீனருடைய ஈட்டிக்கும் வாளுக்கும் முன்னால் போய் நின்றால், அது அங்கே செல்லாது. ஈட்டி முனையின் கீழே சிவந்து குலுங்கும் அந்த ரோமக்கற்றையும், வாட்பிடியின் கடைக்கோடியில் தொங்கும் அந்தப் பட்டுக் குஞ்சமும் ஆயுதத்தோடு சேர்ந்து உழைப்பவை. உழைப்பதனாலேயே அவை அழகாயிருக்கின்றன என்பது, பல காலம் பார்த்துப் பார்த்து ரசித்ததில் எனக்கு உறுதிப்பட்ட அபிப்பிராயம்.

கெடா மாநிலத்தின் தென்பகுதியில், பினாங்குக்கு அருகே அமைந்த எங்கள் கூலிம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈயம் தோண்ட வந்த சீனராலும், அவர்களுக்குப் பின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த தமிழராலும், அவர்களுக்கெல்லாம் முன்பிருந்தே இங்கு வாழ்ந்த மலாய்க் கம்பத்து மக்களாலும் ஊராகத் திரண்ட இடம். விக்டோரியா, டப்ளின் முதலான தோட்டங்களின் லயங்களில் பிறந்து வளர்ந்த நம்மவர்க்குச் சீனக் கோயில் அந்நியமானதன்று. சம்பளம் போட்ட மறுநாள் டவுனுக்குச் சாமான் வாங்க வருகிறபோது அதன் ஊதுவத்திப் புகையைச் சுவாசித்துக்கொண்டே கடந்திருக்கிறோம். சீனப் பெருநாளில் சிங்க நடனம் கடைவரிசைக்கு வந்தால், தம்பட்டமும் தாளமும் கேட்ட மாத்திரத்தில் லயத்துப் பிள்ளைகள் அதன் பின்னால் ஓடியிருக்கிறார்கள். ஆயினும் இத்தகைய கோயில்களிலும் குத்துவரிசைச் சங்கங்களிலும் சுவரோரம் மரத்தாங்கியில் செங்குத்தாக நிறுத்திவைத்திருக்கும் ஆயுத வரிசையின் முன்னால் ஒரு கால்மணி நேரம் நின்று பார்த்தவர் நம்மில் மிகச் சிலரே.

பதினெட்டு ஆயுதங்கள் என்பது சீன மரபின் வழக்கு. எவை அந்தப் பதினெட்டு என்பதில் காலத்துக்குக் காலம் பட்டியல் மாறியிருக்கிறது. அவற்றுள் ஈட்டியை ஆயுதங்களின் அரசன் என்றும், இருபுறமும் கூரிட்ட நேர்வாளாகிய ஜியானை ஆயுதங்களுள் கனவான் என்றும் போற்றுவர். ஒருபுறம் மட்டும் கூரிட்டு வளைந்த வாளுக்குத் தாவ் என்று பெயர். புலியை எதிர்க்கத் தென்சீனத்தார் ஏந்தியதாகச் சொல்லப்படும் மும்முனைக் கவையைப் பார்த்தால், முனியாண்டி சந்நிதியில் சூலத்தைத் தொழுது பழகிய கண்ணுக்கு அது உடனே உறவாகிவிடும். இரண்டு பிறைகளைக் குறுக்கே பிணைத்த மான்கொம்புக் கத்தியோ, நம் சிலம்பத்தார் கையிலுள்ள மடுவை நினைவூட்டும். இந்த வரிசையில் எல்லாவற்றையும் மீறி நிற்பது, சீனர் தெய்வமாகத் தொழும் வீரர் குவான் யூவின் பிறைவாள். செம்முகமும் நெடுந்தாடியுமாக அவர் வீற்றிருக்க, பக்கத்தில் பணியாளர் சௌ சாங் அந்த வாளை ஏந்தி நிற்கும் கோலத்தைக் கோயில்களில் காணலாம். மூன்று ராஜ்யங்களின் கதை அதன் எடையை 82 காத்தி என்கிறது. நம் ஊர்க் காத்திக் கணக்கில் ஏறத்தாழ 50 கிலோ. 220-ஆம் ஆண்டளவில் மாண்ட அந்த வீரர் அப்படியொரு வாளை ஏந்தியிருக்க முடியாது என்பர் சரித்திரக்காரர். அவ்வகை வாளின் சித்திரம் 1044-இல் தொகுக்கப்பெற்ற சோங் வம்சத்துப் போர்நூலில்தான் காணக் கிடைக்கிறது. பக்தி சரித்திரத்துக்காகக் காத்திருப்பதில்லை, இருக்கட்டும்.

குஞ்சத்தின் தத்துவத்தை அறிய ஈட்டியிலிருந்து தொடங்குவதே முறை. இலை வடிவான இரும்பு முனை காம்போடு சேரும் கழுத்தில், செஞ்சாயம் தோய்த்த ரோமம் அடர்த்தியாகக் கட்டப்பட்டிருக்கும். பழங்காலத்தில் குதிரை ரோமமும், இமயத்துக்கு அப்பாலுள்ள பீடபூமியின் கவரிமாவின் வால்மயிரும் இதற்குப் பயன்பட்டன. நம் கோயில்களில் சுவாமிக்கு வீசும் வெண்சாமரம் எந்த விலங்கின் வாலிலிருந்து வந்ததோ, அதே விலங்கு வடக்கே போய்ப் போர்வீரனின் ஈட்டியில் சிவந்து நின்றது என்பது நினைத்து மகிழத்தக்க செய்தி. போர்க்களத்தில் அந்தக் கற்றைக்குத் திட்டமான உத்தியோகம் உண்டு: முனை உடலில் பாய்ந்து மீளும்போது வழியும் குருதியைத் தடுத்து, காம்பு வழுக்காமல் காப்பது ஒன்று, எதிரியின் பார்வையைக் கலைத்து, இரும்பு எங்கே இருக்கிறது என்று அவன் நிதானிப்பதற்குள் வேலையை முடித்துக்கொள்வது மற்றொன்று. இந்நாட்டு மாமன்னருடைய அரசச் சின்னங்களிலும் ரோமக்குஞ்சம் கட்டிய ஈட்டிகள் மஞ்சட் குடைகளோடு அணிவகுத்து வருகின்றன. ஆனால் அங்கே அது மரியாதையின் அடையாளம், ஈட்டி நிமிர்ந்தே நிற்கும். சீன ஈட்டி நிற்பதற்கென்று பிறந்ததன்று.

அதன் காம்பு வெண்மெழுகு மரம் என்று அவர்கள் சொல்லும் மரத்தாலானது. அடியில் பருத்து நுனியில் மெலிந்து, பிரம்பைப்போல் வளைந்து நிமிரும் சுபாவம் உடையது. வெளிப்புறமாக ஒரு வட்டம், உட்புறமாக ஒரு வட்டம், பிறகு நேராக ஒரு குத்து: ஈட்டிக் கலை முழுவதும் இந்த மூன்று அசைவுகளின் விரிவுரை என்றே சொல்லிவிடலாம். முதலிரண்டும் எதிரியின் ஆயுதத்தை ஒதுக்குபவை. மூன்றாவது அந்த இடைவெளியில் நுழைவது. கை தேர்ந்தவரிடம் அந்த வட்டங்கள் மிகச் சிறியவை. பின்னங்கையின் மணிக்கட்டு சற்றே திரும்ப, அந்தத் திருப்பம் காம்பின் நெடுகிலும் அதிர்வாக ஓடி, முனையில் ஒரு சுழலாக வந்து விழுகிறது. முனையின் அந்தச் சுழலைச் சாமானியக் கண் பிடிக்க முடியாது. குஞ்சம் பிடித்துக் காட்டுகிறது. வட்டம் ஒழுங்காக இருந்தால் ரோமக்கற்றை முழுமையாக விரிந்து சுழலும். குத்து விழுந்து காம்பு சட்டென்று நிற்கும் கணத்தில், பின்னால் ஒதுங்கியிருந்த ரோமமெல்லாம் ஒரே வீச்சில் முன்னோக்கிப் பாய்ந்து முனையை மூடி, மறுகணம் சரிந்து அடங்கும். வேகம் குறைந்தாலோ, கை நடுங்கிக் குத்து கோணினாலோ ரோமம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கலையும். இரும்பின் நேர்மையை ரோமம் சாட்சி சொல்கிறது.

வாளுக்கு வரும்போது விஷயம் இன்னும் சூக்ஷ்மமாகிறது. ஜியான் வாளில் குஞ்சம் தரித்ததைக் கல்வியாளர் வாள் என்றும், தரிக்காததைப் போர்வாள் என்றும் பிரித்துச் சொல்லும் வழக்கம் சீனரிடம் உண்டு. இந்தப் பிரிவை மட்டும் கேட்டால் ஔவையின் தீர்ப்பே இங்கும் ஜெயித்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் நீள்குஞ்ச வாள் என்று ஒரு மரபு இருக்கிறதே, அதைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல மனம் வராது. பிடியின் குமிழில் கோத்த கயிறு, ஒரு முடிச்சு, அதன்கீழ் வாளின் நீளத்தையே எட்டும் பட்டுநூற் கற்றை. ஆகவே ஆடுபவரின் கையில் உண்மையில் இரண்டு வாள்கள் இருக்கின்றன, முன்னே விறைத்த இரும்பு ஒன்று, பின்னே எலும்பில்லாத பட்டு ஒன்று. முன்னது கட்டளையிட்ட உடனே கீழ்ப்படியும். பின்னது ஒரு மாத்திரை தாமதித்தே வரும்.

அந்த ஒரு மாத்திரைத் தாமதத்தில்தான் கலை இருக்கிறது. கூலிமில் ஒரு சீனக் கோயிலின் முற்றத்தில், விளக்கு வைக்கும் வேளைக்குப் பின் இளம்பிள்ளைகளுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெரியவர் ஒருவரைப் பலமுறை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கீழிருந்து மேலாக வாளை வளைத்து உயர்த்தும் அசைவில், அவர் வாளின் போக்கை மாற்றும் இடத்தில் உடம்பு மிக லேசாகக் காத்திருக்கும். பின்னால் வரும் பட்டுக் கற்றை தன் வட்டத்தை முடித்து நீண்டு நேராகும் வரையில் மணிக்கட்டு திரும்பாது. நேரானதும் வாள் கீழே இறங்கும், கற்றை மேலே எழுந்து தொடரும். காற்றில் ஒரே கோடாக முன்னும் பின்னும் நீண்டு நிற்கும் அந்தக் கணம், நமது சங்கீதத்தில் ஒரு ஸ்வரத்தை வித்வான் அசைத்து நிறுத்தும் கமகத்தின் சுகத்தைத் தருகிறது. மாணவனோ வேகத்தில் மோகம் கொண்டவன். அவன் பொறுக்காமல் வாளைத் திருப்பியதும் குஞ்சம் அவனுடைய முன்கையைச் சுற்றிக்கொண்டுவிட்டது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அருகில் போய் அந்தச் சுற்றைப் பிரித்துவிட்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்கச் சைகை காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, தோட்டத்துச் சாமான்கடையில் பழகிய தமிழில், "ஐயா, கத்திய பாக்காதீங்க, நூல பாருங்க. கத்தி தப்பா போனா எனக்குத்தான் தெரியும். நூல் சுத்திக்கிட்டா கொழந்தைக்கும் தெரியும்" என்றார். குஞ்சத்தைப் பற்றி நான் கேட்ட விமரிசனங்களுள் இதைவிடச் சுருக்கமானதும் திட்டமானதும் வேறில்லை.

ஆதியில் சீன வாளுக்கு இந்தச் சிங்காரம் இருந்ததாகக் கொள்வதற்கில்லை. 1965-இல் ஹூபெய் மாகாணத்துக் கல்லறையொன்றில் கிடைத்த யுவே நாட்டு அரசன் கௌஜியானின் வெண்கல வாள், இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டு மண்ணுக்குள் கிடந்தும் கூர் மழுங்காமல் வெளிவந்த அதிசயம். 55 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான அந்த வாளின் அழகெல்லாம் அலகிலேயே ஓடும் சாய்சதுரச் சித்திரங்களிலும் பிடியின் நுண்வளையங்களிலும் அடங்கிவிட்டது. வாள் போர்க்களத்தை விட்டு அரங்கத்துக்கு வந்தது பின்னாளில். தாங் வம்சத்தில் குங்சுன் என்னும் பெண்மணியின் வாள் நடனத்தைச் சிறுவயதில் கண்ட மகாகவி து ஃபூ, முதுமையில் அவளுடைய சிஷ்யை ஆடக்கண்டு 767-இல் ஒரு கவிதை பாடினார். எழுத்துக் கலைஞர் ஜாங் சூ அந்த நடனத்தைப் பார்த்த பிறகே தம் தூரிகையின் ஓட்டம் திருந்தப்பெற்றார் என்று அக்கவிதையின் முன்னுரை சொல்கிறது. லீ பாயின் கவிதை, ஜாங் சூவின் எழுத்து, பெய் மின்னின் வாள் நடனம் ஆகிய மூன்றையும் தேசத்தின் மூன்று அற்புதங்களாகத் தாங் சக்கரவர்த்தி ஒருவர் அறிவித்ததும் உண்டு. கவிதைக்கும் எழுத்துக்கும் சமமான ஆசனத்தில் வாள் வீச்சை உட்கார வைத்த நாகரிகம் அது. நம் காலத்துக்குச் சமீபமாக, 1922-இல் மெய் லான்ஃபாங் அரங்கேற்றிய நாடகத்தில், தோற்றுப்போன அரசனைத் தேற்றுவதற்காக அவனுடைய காதலி இரட்டை வாள் ஏந்தி ஆடுகிறாள்; அந்த ஒரு காட்சிக்காகவே அம்மேதை வாள் வித்தையை முறையாகப் பயின்றார்.

வளைவாளின் பிடியில் கட்டும் வண்ணத் துணியைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டுவதில்லை. கையைத் துடைக்கவும், பிடியோடு சேர்த்துச் சுற்றிக்கொள்ளவும் அது உதவியதென்பர். வீச்சின் முடிவில் அது எழுப்பும் சொடுக்கொலி கூட்டத்தை உசுப்பிவிடும். எனக்கென்னவோ அதில் பட்டின் நுட்பம் இல்லை. ஒன்பதாம் மாதத்து நவராஜ தெய்வங்களின் உற்சவத்தில் தாங்கி என்று ஹொக்கியர் அழைக்கும் சாமியாடிகள் ஏந்தும் ஐந்து ஆயுதங்களோ வேறு ஜாதி: ஏழு நட்சத்திர வாள், பிறைக் கோடரி, முட்பந்து, முட்கதை, இவற்றோடு வேளா மீனின் பல் நிறைந்த நீள்மூக்கையே வாளாக்கிய ஒன்று. சந்நதம் வந்து அரிவாள்மேல் ஏறி நிற்பவரைக் கண்ட தோட்டத்துத் தமிழனுக்கு அந்த வேகம் விளங்கும். அங்கே தெய்வம் ஆடுகிறது. ஆடுகிற கையைப் பரீட்சிக்க நமக்கு அதிகாரமில்லை.

குஞ்சம் கட்டுவதே தனி வித்தை. ஒரே கயிற்றை மடித்து மடித்து உள்ளே நுழைத்து, தொடக்கமும் முடிவும் புலப்படாத வகையில் சதுரமாக இறுக்கும் முடிச்சைச் சீனர் மங்கலமாகக் கருதுகின்றனர். அதன்மேல் ஒரு பச்சைக்கல் மணி, கீழே கற்றை. அந்த மணி வெறும் ஆடம்பரமன்று. கற்றை சுழலும்போது வீச்சுக்கு ஆதாரமான கனத்தைத் தருவது அதுவே. இப்போது கடைகளில் தொங்குபவை பெரும்பாலும் செயற்கை இழை. அவை மலிவு, சாயம் போகா, மழைக்கும் அஞ்சா. ஆனால் கனமற்றவை, ஒன்றோடொன்று வழுக்கிப் பிரிபவை, ஆகையால் கற்றையாக நடக்காமல் காற்றில் நூல்நூலாகச் சிதறுகின்றன. வாளுக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டிலேயே இடம்பெற்றுவிட்ட வூஷூப் போட்டிகளில், தகடாக மெலிந்து கலகலவென்று அதிரும் அலகுகளைக் கொண்டு இளைஞர் செய்யும் தாவலும் சுழற்சியும் வியக்கத்தக்கவை என்பதில் ஐயமில்லை. எனினும் லேசான வாளும் லேசான குஞ்சமும் கையைக் காத்திருக்கப் பழக்குவதில்லை. தப்பை மறைத்துக் கொடுத்துவிடுகின்றன. நூற்றுக்கு நூறு என் பட்சம் பழைய கனத்த வாளின் பக்கமே.

குவான் யூவின் ஜயந்தி சீனக் கணக்கில் ஆறாம் மாதம் 24-ஆம் நாள் வருகிறது. அந்நாளிலோ புத்தாண்டு நாட்களிலோ ஆயுதப் பயிற்சி காட்டும் கோயில்களும் சங்கங்களும் கெடாவிலும் பினாங்கிலும் இருக்கின்றன. போகிறவர்கள் இடம் பார்த்து நிற்க வேண்டும். ஈட்டியாட்டத்துக்கு எதிரே, ஆனால் நெடுந்தூரம் தள்ளி நிற்பது உத்தமம். ரோமக்கற்றையின் வட்டம் முழுமையாகத் தெரிவதும், குத்தின்போது அது மலர்வதும் அங்கிருந்துதான். நீள்குஞ்ச வாளைப் பக்கவாட்டிலிருந்து பார்க்க வேண்டும். எதிரே நின்றால் இரும்பும் பட்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, அவற்றுக்கு இடையிலுள்ள அந்தத் தாமதம் கண்ணுக்குக் கிடைக்காமல் போய்விடும். சிலம்பம் ஆடும் நம் பிள்ளைகளையும் கூட அழைத்துப் போகலாம். கம்பின் இரு முனைகளையும் ஒருசேரக் கவனித்துப் பழகிய கண் அவர்களுடையது, நம்மைவிட விரைவில் கண்டுகொள்வார்கள்.