காட்சியும் திரிபும்

அருணந்தி சிவாசாரியர் 13-ஆம் நூற்றாண்டில் அருளிச்செய்த சிவஞான சித்தியார், அளவை பத்தினையும் காண்டல், கருதல், உரை என மூன்றில் அடக்குகின்றது. அவற்றுள் காண்டலை வாயிற்காட்சி, மானதக்காட்சி, தன்வேதனைக்காட்சி, யோகக்காட்சி என நால்வகைப்படுத்துகின்றது. முதலிரண்டும் மேனாட்டு உளநூலார் கூறும் புலனுணர்வும் பொருட்காட்சியுமே எனச் சிலர் எளிதாக எழுதிவிடுகின்றனர். இவ்வொப்புமை ஓரளவே பொருந்துவதாம்.

பொருந்துமாறு முன்னர்க் காண்க. வாயிற்காட்சி பெயர், சாதி, குணம், தொழில், பொருள் என்னும் விகற்பங்களின்றி 'ஒன்று உளது' என்ற மாத்திரையாய் நிற்பது. மானதம் அவற்றோடு கூட்டி இன்னதெனத் துணிவது. பிறவிக்குருடன் ஒருவன் கைதொட்டறிந்த உருண்டையையும் சதுரக்கட்டையையும், கண் பெற்ற அக்கணமே பார்வையால் வேறுபிரித்தறிவானோ என 1688-இல் மாலினோ என்பார் லாக்கிற்கு எழுதி வினாவினார். அவ்வினாவிற்கு விடை நம் நாட்டிலேயே பிறந்தது. பவன் சின்கா என்பார் நடாத்திய 'பிரகாஷ்' திட்டத்தால் கண் பெற்ற, 8 முதல் 17 வயதுவரையுள்ள ஐவரைச் சோதித்த முடிபு 2011-இல் வெளிவந்தது. கண்டதைக் கண்டதனோடு பொருத்த அவர்க்கு இயன்றது; தொட்டதைக் கண்டதனோடு பொருத்த இயன்றிலது. சின்னாள் கழித்து அதுவும் கூடிற்று. கண் திறந்தவுடன் பெயரும் சாதியும் உடன்வாரா என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

இனிப் பொருந்தாமை. அளவைநூலார் ஐயத்திற்குக் 'குற்றியோ மகனோ' என்பதையும், திரிபிற்கு இப்பியை வெள்ளியென்று கொள்வதையும் காட்டுவர். உச்சிப்புளிக்குத் தெற்கே மன்னார் வளைகுடாக் கரையில் நடப்பார்க்கு இவ்விப்பி ஏட்டுவழக்கு அன்று. மணலில் வெயில்பட்டு மின்னுவது. குனிந்து கையிலெடுத்தால் வெள்ளி ஒழியும். ஆயின் அவ்வூர்ப் பனைவரிசையின்மேல் எழும் முழுமதி அத்தகையதன்று. உச்சிமதியினும் அது பெரிதாய்த் தோன்றுகின்றது. உண்மையில் எழுமதி சற்றே சேய்மைத்தாகலின் ஏறக்குறைய 60-இல் ஒரு பங்கு சிறியதே. தாளைக் குழலாகச் சுருட்டி அதனூடே நோக்கின் பெருமை மறையும். குழலை நீக்கின் மீளும். உண்மை அறிந்த பின்னும் நீங்காத இதனை இப்பித்திரிபோடு ஒன்றாக எண்ணுதல் யாங்ஙனம்?

பழக்கத்தால் உள்ளம் அறியாமலே செய்யும் அனுமானம் இதுவென்பது எல்மோல்ட்சு கொள்கை. அதுவும் முற்றும் நில்லாது. சம அளவினவாகிய இரு கோடுகள், முனைகளில் இட்ட சிறகுகளால் நெடியதும் குறியதுமாய்த் தோன்றும் மயக்கம் ஒன்றுண்டு. முன்கூறிய திட்டத்தாரால் கண் பெற்ற ஒன்பது சிறார், பார்வையிற் பழகுதற்கு முன்னரே அம்மயக்கத்திற்கு உட்பட்டனர் என்பது 2015-இல் வெளிவந்த செய்தி.

அற்றேல், இம்மயக்கத்தின் இடம் யாது? விகற்பமில்லா வாயிற்காட்சியில் திரிபு கூறலாகாது. மானதத்தே வைப்பின், துணிபு பிறந்தவழி அது நீங்கியிருத்தல் வேண்டும். ஈண்டுச் சித்தாந்தத்திற்கு ஒரு வழியுண்டு. அந்தக்கரணங்கள் மாயையின் காரியம், சடம். வளைந்த கண்ணாடி தன்னியல்பால் வளைத்தே காட்டுதல்போலக் கருவி தன்னியல்பிற் காட்ட, ஆன்மா கருதலளவையால் உண்மையை உணர்ந்து நிற்கின்றது. மதி பெரிதாய்த் தோன்றலும், அது பெரிதன்று என்னும் அறிவும் ஒருவனிடத்தே ஒருங்கு நிகழ்தற்கு இவ்விளக்கம் இயைகின்றது. மேனாட்டார் இவ்விரண்டையும் மூளையின் இருவேறு தொழில் என்பர். சித்தாந்தி கருவியையும் அறிவானையும் வேறு வைப்பன். வழக்கு இவ்விடத்தது, சொல்லொப்புமை காட்டுவோர் இதனைத் தொடாது போகின்றனர்.

இனி, அறிவான் மயங்காதிருப்பக் கருவியளவில் நிற்கும் இத்தோற்றத்தைத் திரிபென்றே வழங்குவதோ, வேறு குறியீடு இடுவதோ என்பது உரைநூல்களோடு வைத்து ஆராயத்தக்கது.