உறுதியில்லாக் காணியில் ஓர் ஊர்

தமக்கெனச் சொந்த வலைத்தளங்களை அமைத்துக்கொண்ட சாதாரண மனிதர்களைப் பற்றிய எழுத்துக்களில் இரண்டு பெயர்கள் முக்கியத்துவம் பெறுகின்றன. ஒருவர் மொஸ்கோவிற் பிறந்து ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகரிற் கற்பித்த இணையக் கலைஞர் ஒலியா லியாலினா. மற்றவர் கனேடிய வரலாற்றாசிரியர் இயன் மில்லிகன். ஒருவர் அழகியல் நோக்கிலும் மற்றவர் வரலாற்று நோக்கிலும் அணுகினாலும் இருவரும் வந்துசேரும் களம் ஒன்றே. அது ஜியோசிட்டீஸ். அங்கு இருந்தது ஒரு சமூகமா, வெறும் கூட்டமா என்பதே இவர்களது எழுத்துக்கள் நம்முன் வைக்கும் வினாவாகும்.

1994ஆம் ஆண்டின் இறுதியில் டேவிட் போனெட், ஜோன் ரெஸ்னர் ஆகிய இருவர் கலிபோர்னியாவில் தொடங்கிய நிறுவனம் அது. கேட்டவர்க்கெல்லாம் இலவசமாக இடம் கொடுத்தது. அந்த இடத்தை ஓர் ஊரைப் போலப் பிரித்து வைத்திருந்தமையே அதன் தனித்துவம். இலக்கியம், தத்துவம், கல்வி பற்றி எழுதுவோர் ‘ஏதென்ஸ்’ பகுதியில் குடியேறினர். குடும்பத்தையும் வளர்ப்புப் பிராணிகளையும் பற்றி எழுதுவோர் ‘ஹார்ட்லாண்ட்’ பகுதிக்குச் சென்றனர். விஞ்ஞானப் புனைகதைப் பிரியர்களுக்கு ‘ஏரியா 51’ இருந்தது. ஒவ்வொரு பகுதியிலும் வீடுகளுக்கு நான்கு இலக்க எண்கள். முகவரியில் ஓர் எண்ணை மாற்றினால் அயல்வீட்டு முற்றத்தில் போய் நிற்கலாம்.

லியாலினா 2005இல் எழுதிய, ‘வட்டார வழக்கு வலை’ எனப் பொருள்படும் தலைப்புக் கொண்ட கட்டுரை இவ்வுலகை முதன்முதலில் மதிப்போடு வாசித்த எழுத்துக்களுள் ஒன்று. நட்சத்திரங்கள் மின்னும் பின்னணி, ‘வேலை நடைபெறுகிறது’ என்னும் மஞ்சட் பலகை, தானாக ஒலிக்கும் இசை ஆகியவற்றைத் தொழில்முறை வடிவமைப்பாளர்கள் எள்ளி நகையாடிய காலத்தில், அவற்றை ஒரு மக்கள் மொழியின் சொற்களாக அவர் கண்டார். 2009இல் டிராகன் எஸ்பென்சீட்டுடன் இணைந்து வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே ‘நாட்டார் வழக்காறு’ என்ற கருத்தாக்கத்தை அவர் பயன்படுத்தியமை மனங்கொள்ளத்தக்கது. கல்லாதவரின் கைவேலை என ஒதுக்கப்பட்டதற்கு இது ஒரு கௌரவத்தைப் பெற்றுக் கொடுத்தது.

எனினும் நாட்டார் வழக்காற்றியலில் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வரும் ஓர் எச்சரிக்கை இங்கும் பொருந்தும். பாடலை மட்டும் எழுதி எடுத்துக்கொண்டு, அது யாரால், யாருக்கு, எந்தச் சந்தர்ப்பத்திற் பாடப்பட்டது என்பதை விட்டுவிட்டால் எஞ்சுவது பாடலின் உடல் மட்டுமே. மின்னும் நட்சத்திரங்களை எவரும் பிரதிசெய்து ஒட்டிக்கொள்ளலாம். அவற்றை ஒட்டியவர் அன்று எவருடைய வருகைக்காகக் காத்திருந்தார் என்பதே சமூக வாழ்வு பற்றிய கேள்வி. பிற தளங்களுக்கு இணைப்புக் கொடுப்பதைத் தளம் அமைத்தோர் தமது கடமையாகக் கருதினர் என்பதை லியாலினா அறியாதவரல்லர். ஆயினும் அவரது கண் அலங்காரத்திலேயே அதிகம் தங்கிவிடுகிறது.

மில்லிகன் இவ்விடைவெளியை நிரப்ப முயல்கிறார். 2017இல் வெளிவந்த ஒரு தொகுப்பில் இடம்பெற்ற அவரது கட்டுரை, ஜியோசிட்டீஸ் ஒரு சமூகமே என வாதிடுகிறது. அவர் காட்டும் சான்றுகள் எளிமையானவை. வந்துபோனவர்கள் நாலு வரி எழுதிச் செல்லும் விருந்தினர் ஏடு, ஒருவர் மற்றவரது தளத்தைப் பாராட்டி வழங்கும் சிறு விருதுப் படம், புதிதாக வந்தவருக்குப் பக்கம் அமைக்கக் கற்றுக்கொடுத்த சம்பளமில்லாத் தொண்டர்கள். ஒத்த விருப்பமுடைய தளங்களை வட்டமாகக் கோத்த ‘வலை வளையங்களை’யும் இவற்றோடு சேர்க்கலாம். 1990களின் நடுப்பகுதியில் சேஜ் வெய்ல் என்னும் மாணவர் அதற்கான நிரலை எழுதினார். வளையத்தில் ஒரு தளம் அறுந்தால் அதைச் சீர்செய்யும் பொறுப்பு வளையத்தை நடத்துபவருடையது. ஒருவரையொருவர் நேரிற் காணாதவர்கள் இவ்வாறான சிறு கடமைகளால் பிணைக்கப்பட்டிருந்தனர். சமூகம் என்பதற்கு இதைவிட வேறு இலக்கணம் தேட வேண்டியதில்லை.

ஆனால் மில்லிகனின் வாதத்தில் போதிய அழுத்தம் பெறாத ஒன்றுண்டு. அது நிலம் பற்றியது. அந்நிறுவனம் தன்னிடம் வந்தோரை ‘ஹோம்ஸ்டெடர்’ என்று அழைத்தது. 1862ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்தின்படி, அரச காணியில் ஐந்து வருடங்கள் குடியிருந்து அதைப் பண்படுத்தியவருக்கு அக்காணி சொந்தமாயிற்று. (அதற்கு முன் அந்த மண்ணில் வாழ்ந்த பூர்வீகக் குடிகளின் கதை அச்சொல்லுக்குள் மறைந்து கிடக்கிறது.) ஜியோசிட்டீஸில் எத்தனை வருடம் குடியிருந்தாலும் உறுதி கைக்கு வராது. 1999இல் யாஹூ நிறுவனம் ஏறத்தாழ 360 கோடி டொலர் பெறுமதியான பங்குகளைக் கொடுத்து அதை வாங்கியது. ஊரை ஊராக்கிய மனிதர்களின் உழைப்பும் அவ்விலைக்குள் அடக்கம். அவ்வாண்டு யூன் மாதத்தில், பக்கங்களில் உள்ளவற்றைத் தான் விரும்பியவாறு பயன்படுத்தும் உரிமையைக் கோரும் நிபந்தனைகளை யாஹூ விதித்தது. குடியிருந்தோர் தமது பக்கங்களைச் சாம்பல் நிறமாக்கி எதிர்ப்புத் தெரிவித்தனர். நிறுவனம் பின்வாங்கியது. தமது பலத்தை அவர்கள் உணர்ந்த சந்தர்ப்பம் அது. ஆனாலும் 2009 ஒக்டோபர் 26ஆம் திகதி அத்தளம் மூடப்பட்டபோது அப்பலம் எதற்கும் உதவவில்லை. பலர் தமது கடவுச்சொல்லையே மறந்துவிட்டிருந்தனர்.

ஜேசன் ஸ்கொட் முதலான தன்னார்வலர்கள் இரவுபகலாக உழைத்து இயன்றதைப் பிரதிசெய்து 2010இல் பொதுவில் வைத்தனர். லியாலினாவின் பிந்திய பணிகள் இச்சேகரத்தின் மீதே எழுந்தன. இம்மீட்பின் பெறுமதியை எவரும் மறுக்க முடியாது. எனினும் வீடுகள் காப்பாற்றப்பட்ட அளவுக்குப் போக்குவரத்துக் காப்பாற்றப்படவில்லை. விருந்தினர் ஏடுகள் பல வேறு நிறுவனங்களின் இடங்களில் இருந்தமையால் அவை கூடவே வரவில்லை. இன்னொரு சங்கடமும் உண்டு. இழந்த குழந்தைக்கு ஒரு தாய் அமைத்த நினைவுப் பக்கம் அதேபோல் இழந்த இன்னொரு தாய்க்காக எழுதப்பட்டது. ஆய்வாளரின் மேசை அவள் எண்ணத்தில் இருந்திராது. இந்த அறவியல் வினாவை மில்லிகன் நேர்மையோடு எழுப்புகிறார். அவரது எழுத்தின் பலமான பகுதி இதுவே எனலாம்.

இப்பின்னணியிலேயே இன்றைய மறுமலர்ச்சியை நோக்க வேண்டும். 2013இல் கைல் டிரேக் தொடங்கிய நியோசிட்டீஸ் அப்பழைய வண்ணங்களையும் வளையங்களையும் மீட்டெடுத்துள்ளது. மறுபுறம், 2011இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் முதன்முறையாகக் கூடிய ‘இன்டிவெப்’ குழுவினர் ஒவ்வொருவரும் தமது சொந்தப் பெயர் முகவரியில் எழுத வேண்டும் என்கின்றனர். நேரில் ஒன்றுகூடி, அருகருகே அமர்ந்து தத்தம் தளங்களைத் திருத்தும் வழக்கத்தையும் ஏற்படுத்தியுள்ளனர். காணிப் பிரச்சினையை உணர்ந்தவர்கள் இவர்கள்தாம். ஆனால் அந்த முகவரிக்கும் வருடாவருடம் பணம் கட்ட வேண்டும், தொழில்நுட்பமும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். எதுவும் தெரியாமல் ஹார்ட்லாண்டுக்கு வந்த பாட்டியை வாசலில் நின்று வரவேற்று, கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்க அன்று ஓர் அயலவர் இருந்தார். இங்கே அவர் எங்கே?

லியாலினா நமக்கு மொழியைக் காட்டினார். மில்லிகன் உறவைக் காட்டினார். இருவரையும் சேர்த்து வாசிக்கும்போது மூன்றாவதாக ஒன்று தெரிகிறது. நிலத்தின் மீது உரிமையற்ற உறவு நிலத்தோடு அழிகிறது. உறவற்ற உரிமையோ பூட்டிய வீடாய் நிற்கிறது. இரண்டையும் ஒருங்கே பெற்ற ஊரை இணையத்தில் இதுவரை எவரும் கட்டவில்லை. அடுத்து எழுதவிருக்கும் விமர்சகர், பக்கங்களின் அழகை அளப்பதற்கு முன் அங்கு யார் யாரைத் தேடிப் போகிறார்கள் என்பதை எண்ணிப் பார்ப்பாராக.