வரவும் பிரிவும்: இரண்டு ஆங்கில நூல்களில் வசந்தம்

வசந்தம் என்ற சொல்லை நாம் மிகத் தாராளமாகச் செலவு செய்கிறோம். காதலுக்கும் அதுதான், விடுதலைக்கும் அதுதான், திருமண வாழ்த்துப்பாவுக்கும் அதுதான். ஆனால் மழையையும் வெயிலையும் வைத்து ஆண்டைக் கணக்கிடும் எமக்கு அது ஏட்டில் கண்ட பருவமே. இங்கிலாந்தின் வசந்தத்தை நானும் நூல்களின் வழியாகவே அறிவேன். ஆங்கிலக் கவிதைகளில் வரும் ‘குக்கூ’ என்னும் பறவையைக் குயில் என்று மொழிபெயர்ப்பதை நெடுநாள் கேள்வியின்றி ஏற்றிருந்தேன். இரண்டுமே பிற பறவைகளின் கூட்டில் முட்டையிடுபவைதான். எனினும் அவர்களுடையது ஏப்ரலில் ஆபிரிக்காவிலிருந்து வந்துசேரும் சாம்பல் நிறப் பறவை. நமது ஆண் குயிலோ கன்னங்கரியது. பெயர் மாறியதும் பறவை மறைந்துபோய்க் குறியீடு மட்டும் எஞ்சிவிடுகிறது.

பறவையைப் பறவையாகவே பார்த்தவர்கள் என்று போற்றப்படும் இரண்டு ஆங்கில எழுத்தாளர்களை அண்மையில் அடுத்தடுத்து வாசித்தேன். ஒருவர் கில்பேர்ட் வைட் (1720 - 1793). ஹம்ப்ஷயரின் செல்போர்ன் கிராமத்து உதவிப் போதகர். அவரது ‘செல்போர்னின் இயற்கை வரலாறு’ 1789இல் வெளிவந்தது. மற்றவர் ஜே. ஏ. பேக்கர் (1926 - 1987). எசெக்ஸ் மாவட்டத்தின் செல்ம்ஸ்ஃபோர்ட் நகரத்தவர். அவரது ‘த பெரெக்ரின்’ 1967இல் வெளிவந்து டஃப் கூப்பர் பரிசைப் பெற்றது. இரண்டையும் ஒரே மரபின் தொடக்கமும் முடிவுமாகக் காண்பதே வழக்கம். எனக்கு அவை ஒன்றோடொன்று வழக்காடும் நூல்களாகப் படுகின்றன.

வைட்டுக்கு வசந்தம் என்பது வரவு. தகைவிலான் குருவி எந்தத் திகதியில் வந்தது, காலநிலை எப்படியிருந்தது என்று ஆண்டுதோறும் குறித்துவைக்கிறார். ஏப்ரல் நடுப்பகுதியை அண்டி அது வரும் என்கிறார். தோட்டத்து ஆமை மண்ணிலிருந்து வெளிப்படும் நாளும் அவருக்கு ஒரு செய்தி. உருவத்தில் ஏறத்தாழ ஒன்றுபோலிருக்கும் மூன்று சிறு பறவைகளை அவற்றின் குரலைக் கொண்டு மூன்று தனி இனங்கள் என்று பிரித்தறிந்தவர் அவர். சிஃப்சாஃப், வில்லோ வாப்ளர், வூட் வாப்ளர் என்று இன்று வழங்கப்படுபவை அவையே. பெரிய கருவி ஏதும் இல்லை. ஒரே மரத்தடிக்கு மீண்டும் மீண்டும் சென்று காது கொடுத்ததுதான் அவர் செய்த ஆராய்ச்சி.

வைட்டிடம் என்னைக் கவர்ந்த பண்பை விளக்க எமது ஹதீஸ் கலையிலிருந்தே ஒரு சொல்லை எடுக்க வேண்டியிருக்கிறது. அது ‘இஸ்னாத்’. நான் கண்டேன், இன்னார் கண்டதாக எனக்குச் சொன்னார், கேள்விப்பட்டேன் ஆனால் உறுதியில்லை என்று ஒவ்வொரு செய்தியின் வழியையும் அவர் பிரித்துக் காட்டுகிறார். நம்பகமான அறிவிப்பாளருக்கும் தவறு நேரும். குளிர்காலத்தில் தகைவிலான்களில் சில நாடு கடந்து செல்லாமல் எங்கோ மறைந்து உறங்குகின்றன என்ற ஐயம் அவரை இறுதிவரை விடவில்லை. அவை கூட்டமாகக் கடல் கடப்பதை ஜிப்ரோல்டரில் இருந்த சகோதரர் ஜோன் எழுதி அனுப்பியிருந்தும் ஐயம் நீங்கவில்லை. இலையுதிர்காலத்தின் பிற்பகுதியிலும் சில குருவிகளைத் தம் கண்ணால் கண்டிருந்ததே காரணம். 1911 மே மாதத்தில் ஸ்டஃபோர்ட்ஷயரில் காலில் வளையமிடப்பட்ட ஒரு தகைவிலான், 1912 டிசெம்பரில் தென்னாபிரிக்காவின் நேட்டாலில் அகப்பட்ட பின்னரே அவை சென்றடையும் இடத்துக்குக் கையில் பிடித்த சான்று கிடைத்தது. வைட் தவறினார், ஆனால் எதைக் கண்டு தவறினார் என்பதையும் எழுதிவைத்தார். ஆகையால் அந்தத் தவறு திருத்தத்தக்க தவறாக இருக்கிறது.

பேக்கரிடம் வந்தால் திசையே மாறிவிடுகிறது. பைரி என்று தமிழில் வழங்கும் வல்லூறு எசெக்ஸ் கடலோரத்துக்குக் குளிர்கால விருந்தாளியாக வருவது. ஒக்டோபரில் தொடங்கும் அவரது நூல் ஏப்ரல் தொடக்கத்தில், பறவை புறப்படும் வேளையில் முடிகிறது. மரங்கள் துளிர்க்கின்றன, பாடும் பறவைகள் வருகின்றன. எழுதுபவருக்கோ அது இழப்பின் பருவம். சேற்று நிலத்திலும் கழிமுகத்திலும் குளிர்காலத்தைக் கழித்த பறவைகள் வடக்கே போகின்றன. தாம் தொடர்ந்துசென்ற பைரியும் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். கடலணையின் ஓரமாகத் தவழ்ந்து அதற்கு மிக அருகே சென்றுவிடுகிறார். அது பறந்துவிடாமல் கண்மூடித் துயில்கிறது. அத்தோடு நூல் நிறைவுறுகிறது. வசந்தத்தைப் பிரிவாக இவ்வளவு உக்கிரமாக எழுதிய வேறொரு நூலை நான் வாசித்ததில்லை.

இந்த உக்கிரத்துக்குக் காரணம் உண்டு. 1950களின் இறுதியிலும் 1960களிலும் பிரித்தானியாவின் பைரிகள் விவசாய நஞ்சுகளால் மடிந்துகொண்டிருந்தன. அழிந்தே போய்விடும் ஓர் உயிருக்கு முன்கூட்டியே பாடப்பட்ட இரங்கற்பாவாகத்தான் பேக்கர் எழுதினார். தானும் அந்தப் பறவையாகிவிட வேண்டும் என்பது அவரது வேட்கை. அதன் அச்சத்தைத் தம் உடலில் உணர்கிறார். மனிதரைக் கொலைகாரராகப் பார்க்கத் தொடங்குகிறார். நம்மவர் சிலர் இதை ‘பனா’ நிலை என்று உடனே சொல்லக்கூடும். நான் அதற்கு உடன்படவில்லை. சூபி தன்னை இழப்பது படைத்தவனில். பேக்கர் தன்னை இழக்க விரும்புவது மனிதனாக இருப்பதன் வெட்கத்திலிருந்து தப்பிப்பதற்காக.

எனது விமர்சனம் இங்குதான் தொடங்குகிறது. பத்து ஆண்டுக் குளிர்காலங்களை ஒரே குளிர்காலமாகப் பேக்கர் சுருக்கினார். நாளும் மாதமும் உண்டு, ஆண்டு இல்லை. ஓடை உண்டு, காடு உண்டு, ஊர்ப் பெயர் இல்லை. கொல்லப்பட்ட இரைகளின் கணக்கைத் தருகிறார். அவை எந்த ஆண்டுக்குரியவை என்பது வாசகனுக்குத் தெரியாது. அவர் விவரித்த சில காட்சிகளைப் பறவையியலாளர் சிலர் பின்னாளில் ஐயுற்றபோது நூலிலிருந்து எடுத்துக் காட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அவரது நாட்குறிப்புகளில் எஞ்சியவை 2010இல்தான் அச்சுக்கு வந்தன. ‘மத்ன்’ இருக்கிறது, இஸ்னாத் இல்லை. வைட்டும் முழுக்க அப்பாவியல்லர். அவரது நூலின் தொடக்கக் கடிதங்கள் அஞ்சலில் போகாதவை, நூலுக்காகவே எழுதப்பட்டவை. ஆனால் அவர் தம் அவதானங்களின் ஆண்டையும் இடத்தையும் அழிக்கவில்லை.

இது வெறும் நுணுக்கவாதம் என்று கருதுவோருக்கு ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். பேக்கரின் நூல் வெளிவந்த அதே 1967இல், டெரெக் ராட்கிளிஃப் என்ற விஞ்ஞானி ‘நேச்சர்’ சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார். பறவை முட்டைகளைத் திருடிச் சேகரித்தவர்களின் பெட்டிகளில் இருந்த பழைய ஓடுகளை அவர் ஒப்பிட்டார். 1947ஐ ஒட்டி, டீ.டீ.ரீ. என்ற பூச்சிகொல்லி புழக்கத்துக்கு வந்த காலத்தில், பைரியின் முட்டை ஓடுகள் திடீரென மெலிந்திருந்ததைக் கண்டார். அந்த முட்டைகளில் எடுத்த ஆண்டு குறிக்கப்பட்டிருந்ததால்தான் இது இயன்றது. கூட்டைக் கொள்ளையிட்டவன் எழுதிய ஆண்டு, அதே பறவையைக் காக்கும் வழக்கில் சாட்சியாயிற்று. அந்த நஞ்சுகள் கட்டுப்படுத்தப்பட்ட பின் பைரிகள் மீண்டன. சோல்ஸ்பரி, நோர்விச் தேவாலயக் கோபுரங்களிலும் அவை இன்று குஞ்சு பொரிக்கின்றன.

வைட்டோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்த ரொபேர்ட் மார்ஷமையும் இங்கு நினைக்கலாம். நோர்ஃபோக்கில் 1736இல் அவர் தொடங்கிய வசந்த அறிகுறிகளின் பதிவைக் குடும்பத்தார் 1958 வரை தொடர்ந்தனர். வெப்பமான ஆண்டுகளில் ஓக் மரம் எவ்வளவு முந்தித் துளிர்க்கிறது என்பதை இன்றைய ஆய்வாளர் அந்தப் பதிவிலிருந்து கணிக்கின்றனர். அதில் அலங்காரம் ஒரு வரிகூட இல்லை.

அதற்காகப் பேக்கரைத் தள்ளிவிட முடியுமா? முடியாது. ராட்கிளிஃபின் கட்டுரை ஓடு மெலிந்ததைச் சொல்லும்; அந்தப் பறவை வானில் இல்லாமற் போவது என்றால் என்ன என்பதைப் பேக்கர்தான் சொல்வார். ஆனால் அந்த வேகம் அவரை எப்போதும் காப்பாற்றவில்லை. ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையான மாதங்களை எழுதிய அவரது இரண்டாவது நூல் ‘த ஹில் ஒஃப் சமர்’ (1969) அதற்குச் சான்று. அதில் வசந்தம் நேரடியாகவே வருகிறது. எனினும் பற்றிக்கொள்ள ஒரு பறவையோ ஓர் ஊரோ இல்லாமையால் உவமைகள் காற்றில் மிதக்கின்றன. அழகான பக்கங்கள் பல. அடுத்த நாள் நினைவில் நிற்பவை சில.

பைரியின் தென்னாசிய வகைக்கு ஷாஹீன் என்று பெயர். அல்லாமா இக்பாலின் ஷாஹீனை அறியாத முஸ்லிம் வாசகர் நம்மிடையே குறைவு. கூடு கட்டாத, உயரத்தை நாடும் பறவையாக அவர் அதைப் போற்றினார். அது வெறும் கற்பனையன்று. பைரி உண்மையில் கூடு கட்டுவதில்லை. பாறைத் தட்டில் சிறு பள்ளம் பறித்து முட்டையிடுகிறது. எமது சிகிரியாக் குன்றிலும் ஷாஹீன் வாழ்கிறது. இக்பாலின் குறியீட்டை மனனம் செய்த நான், அந்தக் குன்றில் ஏறியும் அந்தப் பறவையைத் தேடி ஒருமுறையேனும் தலையை உயர்த்தவில்லை. இந்த இரு நூல்களும் என்மீது வைத்த குற்றச்சாட்டு அது. அதற்கு என்னிடம் பதில் இல்லை.