ஏழு தடைகளில் ஒன்று: 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தின் பெயரில்லாத தீவுவாசிகள்

2010 பொங்கலுக்கு செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' வந்தப்ப, கோபியில நண்பர்களோட போய்ப் பார்த்தேன். தீவுல பழங்குடிகள் சூழ்ந்து தாக்குற காட்சி. பின்வரிசையில ஒருத்தன், "கடம்பூர் மலைக்காரங்க வந்துட்டாங்கடா"ன்னு கத்தினான். தியேட்டரே சிரிச்சது. நானும்தான். கடம்பூர் மலை ஊராளிகள் நம்மோடு சத்தியமங்கலம் பஸ்ஸில் வருகிறவர்கள். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் யாராவது இருந்தார்களா என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சமீபத்தில் படத்தை மறுபடி பார்த்தேன். பாண்டியர்களிடமிருந்து தப்பிய சோழர்கள் வியட்நாம் பக்கத்துத் தீவு ஒன்றில் ஒளிந்து வாழ்கிறார்கள். அவர்களைத் தேடிப் போகும் வழியில் ஏழு தடைகள்: கடல் பிராணிகள், நரமாமிசம் தின்னும் பழங்குடிகள், வீரர்கள், பாம்புகள், பசி, புதைமணல், ஆளில்லாத ஊர். பட்டியலைக் கவனிங்க. கடல் பிராணிக்கும் பாம்புக்கும் நடுவே மனிதர்கள்! அவர்களுக்குப் பெயர் இல்லை, கதை இல்லை. தாண்டிப் போனதும் படம் அவர்களை மறந்துவிடுகிறது.

"இது ஃபேன்டசி, இதுல போய் இதெல்லாம் பார்க்கணுமா?" என்று கேட்கலாம். ஆனால் படத்தின் இரண்டாம் பாதியே இதற்குப் பதில் சொல்கிறது. அங்கே வரும் சோழர்களும் கறுப்புச் சாயம் பூசியவர்கள்தான். பசியில் இறைச்சிக்கு அடித்துக்கொள்பவர்கள்தான். ஆனால் அவர்களுக்கு மொழி இருக்கிறது, ராஜா இருக்கிறார், ஊர் திரும்பும் ஏக்கம் இருக்கிறது. ராணுவம் அவர்களைச் சிதைக்கும்போது, துப்பாக்கி வைத்திருப்பவன்தான் காட்டுமிராண்டி என்று படம் சொல்கிறது. தமிழ் சினிமாவில் இது அபூர்வமான துணிச்சல். என் கேள்வி இதுதான்: அந்த இரக்கம் தமிழ் பேசுகிறவர்களுக்கு மட்டும் ஏன்?

நரமாமிசக் கதை செல்வராகவன் கண்டுபிடித்ததல்ல. அந்தமான் மக்களைப் பற்றி மார்க்கோ போலோ அப்படித்தான் எழுதி வைத்தார். 1890-இல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில் கோனன் டாயிலும் அதையே திருப்பிச் சொன்னார். அதற்கு ஆதாரம் எதுவும் கிடைத்ததில்லை. ஆனால் கதை மட்டும் சாகவில்லை.

நிஜத்தில் யார் யாருக்குத் தடை? 2011 கணக்கெடுப்பில் ஜாரவா மக்கள் 380 பேர். அவர்கள் காட்டுக்கு நடுவே நாம் சாலை போட்டோம். அந்தச் சாலையில் போன சுற்றுலாக்காரர்களுக்காக ஜாரவா பெண்களை உணவைக் காட்டி ஆட வைத்த வீடியோ 2012-இல் வெளியானது. ராஜேந்திர சோழன் மெய்க்கீர்த்தியில் வரும் மாநக்கவாரம் இன்றைய நிக்கோபார்தான். அங்கே ஏற்கெனவே வாழ்ந்த மக்கள் யார் என்று சோழப் பெருமை பேசும் நாம் கேட்டிருக்கிறோமா?

இப்பவும் எனக்கு இந்தப் படம் பிடிக்கும். அந்தக் காட்சி வரும்போது மட்டும் சிரிக்க முடியவில்லை.