பாண்டியனுக்கு வைஃபை தேவைப்படவில்லை

என் சித்தப்பா மகன் பயணிகள் கப்பல் ஒன்றில் வேலை பார்க்கிறான். சமையலறையில். முசிறிக்காரன், திருச்சியில் கேட்டரிங் படித்தவன். அவனிடமிருந்து வரும் வாட்ஸப் குரல்பதிவுகளுக்கு ஒரு பருவம் உண்டு. மூன்று நாள், நான்கு நாள் ஒன்றும் வராது. அப்புறம் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு மேல் பதினைந்து, பதினெட்டு என்று மொத்தமாக வந்து விழும். விழுந்தால் கப்பல் கரை சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். மெக்சிகோவின் கோசுமெல் தீவில் மத்தியானம் பன்னிரண்டு என்றால் முசிறியில் இரவு பத்தரை.

அப்படி வந்த ஒரு பதிவு இது: "அண்ணே, புது ஊர்ல எறங்குனா வைஃபை எங்க இருக்குன்னு யாரையும் கேக்கவே வேணாம். நம்மாளுங்களும் பிலிப்பினோக்காரங்களும் எந்தச் செவுத்தோரமா குத்தவெச்சு உக்காந்திருக்காங்கன்னு பாக்கணும். அங்கதான் இருக்கும்."

கரீபியன் கடலில் ஒரு தீவு. கடல் என்ன நிறம் என்று அவன் சொல்லவில்லை. தேவாலயம் இருந்ததா, மக்கள் என்ன உடுத்தியிருந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், ஒன்றும் கிடையாது. ஒரு சுவர், அதன் ஓரமாகக் குத்தவைத்த மனிதர்கள், அவர்கள் கையில் போன். கடல் கடந்து போனவர்கள் தமிழில் எழுதிய பக்கங்களை ஓரளவு படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு துறைமுகத்தை இப்படி யாரும் வர்ணித்ததில்லை. இதை வர்ணனை என்றே ஒப்புக்கொள்ள நமக்குக் கஷ்டமாக இருக்கும் என்பதுதான் என் பிரச்சினை.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கப்பலில் இன்டர்நெட் இல்லாமல் இல்லை. காசு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் ஊர் டவரின் சிக்னல் போய்விடும். அதற்குப் பிறகு செயற்கைக்கோள். பழைய ஏற்பாட்டில் அது சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும். ஒரு 'ஹலோ' மேலே போய்க் கீழே இறங்கி, பதில் 'ஹலோ' அதே வழியில் திரும்ப அரை நொடிக்கு மேல் ஆகும். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்து, ஒரே சமயத்தில் "நீ சொல்லு" என்று நிறுத்துவார்கள். அந்தத் தடுமாற்றத்துக்கும் சேர்த்துத்தான் காசு. அதனால் தம்பி கரைக்காகக் காத்திருப்பான்.

கரையிலும் கிடைப்பது இரண்டு மூன்று மணி நேரம். எல்லாரும் ஒரே நாளில் இறங்கிவிட முடியாது. துறைமுகத்தில் நிற்கும்போதும் தீ, அவசரம் என்றால் கவனிக்க ஊழியர்களில் ஒரு பகுதி உள்ளேயே இருக்க வேண்டும், அதற்கு முறை வைத்திருப்பார்கள். சரக்குக் கப்பல்காரர்களுக்காவது பெரிய துறைமுகங்களில் மாலுமிகள் மையம் இருக்கும். 1856இல் தொடங்கிய மிஷன் டு சீஃபேரர்ஸ், 1920இல் கிளாஸ்கோவில் தொடங்கி இன்று ஸ்டெல்லா மாரிஸ் என்று அழைக்கப்படும் கத்தோலிக்க அமைப்பு போன்றவை நடத்துபவை. ஒரு காலத்தில் அங்கே கடிதத் தாளும் மேசையும், பிறகு டெலிபோன் கார்டு, இப்போது சிம் கார்டும் வைஃபையும். சுற்றுலாத் தீவில் காபிக்கடைதான் மையம். ஒரு காபி வாங்கினால் பாஸ்வேர்டு. நாலு பேர் போய் ஒரு காபி வாங்கினால் கடைக்காரர் முறைப்பார்.

பாஸ்வேர்டு கிடைத்ததும் முதலில் அம்மாவுக்குப் போன் போடுவான் என்று நினைத்தால் நீங்கள் சினிமா நிறையப் பார்க்கிறீர்கள். முதலில் ஓடிபி. வீட்டுக்குப் பணம் அனுப்ப வங்கி இந்திய நம்பருக்கு ஓடிபி அனுப்பும். அந்த நம்பர் ரோமிங்கில் இருக்கிறதா, வந்து சேருகிறதா என்பது ஒரு தனி காவியம். அது முடிந்து மிச்சமிருக்கும் நேரத்தில் அம்மா.

இனி புத்தகங்களுக்கு வருவோம். ஏ.கே. செட்டியாரின் 'உலகம் சுற்றும் தமிழன்' வெளிவந்தது 1940இல். தமிழ்ப் பயண எழுத்துக்கு அளவுகோலே அவர்தான். தன்னை முன்னால் நிறுத்தக் கூச்சப்படும் உரைநடை. பார்த்ததைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். காந்தியைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது 1937 அக்டோபர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போய்க்கொண்டிருந்த கப்பலில். நினைத்துப் பாருங்கள். அன்றைக்குக் கப்பல் என்பது யாரும் கூப்பிட முடியாத இடம். ஒருவருக்கு அங்கே ஒரு பெரிய யோசனை வரும். கரை என்பது இறங்கிப் பார்க்கவேண்டிய இடம். பிரயாணியின் இந்த இரண்டு நிலைகளும் செட்டியாரிடம் சுத்தமாக இருக்கின்றன. அவருக்குப் பிறகு வந்த பெரும்பாலான பயணக் கட்டுரைகள் அவருடைய தகவல் ஆர்வத்தை எடுத்துக்கொண்டன, கூச்சத்தை விட்டுவிட்டன. கடல் கடந்தவன் எதையாவது பார்த்துவிட்டு வந்து நமக்குச் சொல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. தம்பி லீவில் வரும்போது சொந்தக்காரர்கள் கேட்பதும் அதுதான்: "அங்கல்லாம் எப்படிடா இருக்கும்?" அவனுக்குப் பதில் தெரியாது. பதினோரு நாடுகளின் காபிக்கடைச் சுவர்கள் தெரியும்.

எங்கள் முசிறிக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. காவிரியின் வடகரையில், குளித்தலைக்கு எதிரே, கோரைப் பாய்க்குப் பேர்போன ஊர். கடலைக் கண்ணால் பார்க்காத ஊர். ஆனால் பெயரைச் சொன்னால் படித்தவர்கள் "ஓ, அகநானூற்று முசிறியா?" என்பார்கள். அது சேரநாட்டுத் துறைமுகம், பேரியாற்றின் முகத்துவாரப் பக்கம். யவனர் பொன்னோடு வந்து மிளகோடு போன இடம். அந்த முசிறியோடு தொடர்புள்ள ஒரு பாப்பிரஸ் ஆவணம், கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, இன்று வியன்னாவில் இருக்கிறது. ஒரு பக்கம் கடன் ஒப்பந்தம், மறுபக்கம் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் கணக்கு. கடன், சரக்கு, மதிப்பு. அந்தக் கப்பலில் சமைத்தவன் வீட்டுக்கு என்ன சொல்லியனுப்பினான் என்பதற்கு ஒரு துண்டு ஓலை கூடக் கிடையாது.

நம் பக்கத்துக் கவிதையிலும் இதே காலியிடம்தான். பாலைத்திணையில் பொருள் தேடிப் போகிறவனுக்குப் பாதி வழியில் நின்று பேச இடமிருக்கிறது. இடைச்சுரத்தில் நின்று தன் நெஞ்சிடம் அவன் புலம்பும் பாடல்கள் அத்தனை இருக்கின்றன. நெய்தலில் இரங்குவது பெரும்பாலும் கரையில் நிற்பவள். அவளுக்கு நண்டு உண்டு, புன்னை உண்டு, அலை உண்டு. கலத்தில் போனவனுக்குப் பேச்சு அநேகமாக இல்லை. இடைச்சுரம் ஒரு துறையாகிவிட்டது. இடைக்கடல் ஆகவில்லை.

இதைத் தாண்டியவர் ப. சிங்காரம் ஒருவர்தான் என்று எனக்குப் படுகிறது. 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வெளிவந்தது. ஜப்பானியர் பிடித்துக்கொண்ட மெடான், மலாக்கா நீரிணையில் புயலில் சிக்கும் தொங்கான், பினாங்கு. யுத்தத்தில் இந்தியாவுக்கும் அந்தக் கரைகளுக்கும் நடுவே தபால் அறுந்துபோன காலம். அந்நிய ஊரில் நிற்கும் பாண்டியன் என்ன செய்கிறான்? மதுரைத் தெருக்களில் நடக்கிறான். சின்னமங்கலத்துச் சந்தைக்குள் போய்விட்டு வருகிறான். சாதாரணமாக இதை ஏக்கம் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அப்படிப் படித்தால் நாவலில் பாதி போய்விடும் என்பது என் கட்சி. சிங்காரம் அங்கே ஒரு உண்மையைக் கண்டுபிடித்தார்: பிழைக்கப் போனவனுக்கு வெளிநாட்டுக் கரை, ஊருக்குத் திரும்பிப் போகிற வாசல். அவன் முதுகுதான் அந்த ஊரைப் பார்த்திருக்கிறது. காபிக்கடைச் சுவரோரம் குத்தவைத்திருக்கும் என் தம்பியின் முன்னோடி செட்டியார் அல்லர், பாண்டியன்தான்.

ஆனால் பாண்டியனுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. அவன் நடக்கும் மதுரையிலிருந்து யாரும் அவனைத் திரும்பக் கூப்பிடுவதில்லை. அந்தத் தெரு அவன் விட்டுவிட்டு வந்தபடியே நிற்கும். அவன் இஷ்டத்துக்கு வேகமாகவோ மெதுவாகவோ நடக்கலாம். தம்பி போனைத் திறந்தால் ஊர் பதில் பேசும். "மாடி மேல ஷீட் போடணும், எவ்வளவு அனுப்புற?" என்று கேட்கும். நினைவில் இருக்கும் ஊர் பணம் கேட்காது. சிங்காரத்தின் மொழிக்கு இருக்கும் அந்தப் பாய்ச்சல், ஒரு சிந்தனையிலிருந்து இன்னொன்றுக்குத் தடையில்லாமல் தாவுவது, தபால் அறுந்துபோனதால் கிடைத்த சுதந்திரம் என்றுகூட நினைக்கிறேன். இணைப்பு கிடைத்தவனின் மொழி அப்படி இருக்க முடியாது. துண்டு துண்டாக, பதில் எதிர்பார்த்து, கணக்கோடு இருக்கும். ஜோ டி குரூஸின் 'கொற்கை' (2009) தூத்துக்குடியின் தோணிகளையும் கப்பல்களையும் பெரிய அளவில் எழுதிய நாவல். அதன் பலம் துறைமுகத்துச் சமூகம், அதற்குள் நான் இங்கே போகவில்லை. நான் தேடும் ஆள் துறைமுகத்துக்குச் சொந்தக்காரன் கிடையாது, அங்கே மூன்று மணி நேரம் நிற்கிறவன்.

"வாட்ஸப் வந்து பிரிவே செத்துப்போச்சு, இனிமே பாலைத்திணை ஏது?" என்று இலக்கியக் கூட்டங்களில் ஒருவராவது எழுந்து சொல்வார். நானே சொல்லியிருக்கிறேன். போன வருஷம் எங்கள் அப்பாயி இறந்த பிறகு சொல்வதில்லை.

அப்பாயி இறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. தம்பி கடலில் இருந்தான், அடுத்த கரை வியாழக்கிழமை. நிறுவனத்துக்குத் தகவல் சொன்னால் அவனிடம் சொல்லிவிடுவார்கள். சொல்ல வேண்டாம் என்று வீட்டில் முடிவெடுத்தோம். எப்படியும் வந்து சேர முடியாது, நடுக்கடலில் தனியாகக் கிடந்து அழுவான், கரைக்கு வரட்டும். சித்தப்பா சொன்னார், நான் ஆமோதித்தேன். அது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது எங்களுக்குத் தெரியாது. கப்பலில் நெட் இல்லாதபோதும் வேலை முடிந்து படுக்கும்போது பதிவு செய்துவிடுவான். அது போகாது. ஓரத்தில் குட்டிக் கடிகாரக் குறியோடு போனிலேயே காத்திருக்கும். கரையில் வைஃபை பிடித்தவுடன் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். வியாழக்கிழமை ராத்திரி அப்படித்தான் வந்தது. எண்ணெய் விளக்கு எரிந்துகொண்டிருந்த கூடத்தில் உட்கார்ந்து கேட்டோம். திங்கட்கிழமைப் பதிவில் "அப்பாயிக்கு இருமல் கொறஞ்சிருச்சா?" செவ்வாய் இரவுப் பதிவில் "அப்பாயிகிட்ட சொல்லுண்ணே, இங்க கடைல ஒரு போர்வ பாத்து வெச்சிருக்கேன், அது பாய விட நல்லாருக்குன்னு." புதன்கிழமை, அவள் எரிந்து முடிந்த பிறகு, "அப்பாயி சாப்டுச்சா?" நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த அந்த நிமிஷம் அவனும் அங்கே எங்களுடைய பதிவைத் திறந்துகொண்டிருந்தான். எதை யார் முதலில் கேட்டார்கள் என்று சொல்ல முடியாது.

இறந்தவளிடம் மூன்று நாள் பேசியிருக்கிறான், அவள் உயிரோடிருப்பதாக நினைத்து. இதைவிடச் சுத்தமான ஒரு இடைச்சுரத்துப் பாட்டை எனக்குக் காட்டுங்கள். இந்த நிலை பழைய தலைவனுக்குக் கிடையாது. அவன் நெஞ்சோடு பேசினான், பேச்சு யாருக்கும் போய்ச் சேரவில்லை. பாண்டியனுக்கும் கிடையாது. தம்பியின் பேச்சு போய்ச் சேர்ந்தது, தாமதமாக. பிரிவு செத்துப்போகவில்லை. கடிகாரக் குறிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நம் சிறுகதைகளில் போன் வருகிறது, மெசேஜ் வருகிறது, ப்ளூ டிக்கூட வந்துவிட்டது. ஆனால் எல்லாமே நகரத்துக் காதலர்களின் ஊடலுக்குத்தான். பேசிவைத்து, கரைக்காகக் காத்திருக்கும் குரலை ஒரு வடிவமாக யாராவது எடுத்துக்கொண்டார்களா என்று தேடுகிறேன்.

எழுதுகிறவர்கள் கொஞ்சம் சீக்கிரம் எழுதினால் நல்லது. இந்த நிலைமை முடிந்துகொண்டிருக்கிறது. சுமார் 550 கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களை 2022 முதல் பெரிய பயணிகள் கப்பல் நிறுவனங்கள் வாங்க ஆரம்பித்துவிட்டன. கப்பல் ஊழியர்களுக்கு இணைய வசதி தர வேண்டும், காசு வாங்கினாலும் அது நியாயமாக இருக்க வேண்டும் என்று கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் செய்த திருத்தம் 2024 டிசம்பர் 23 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. 'இயன்ற அளவுக்கு' என்ற ஒரு சொல் அதில் இருப்பதால் சுவரோரம் உடனே காலியாகிவிடாது. ஆனால் காலியாகும். தம்பிக்கு அது நல்லது, நானும் அதைத்தான் விரும்புகிறேன். அவன் வாழ்க்கையை என் கட்டுரைக்காகக் கரையில் நிறுத்திவைக்க முடியாது.

அன்று அவன் திரும்ப அனுப்பிய பதிவு ஒன்றரை நிமிஷம். முதல் ஒரு நிமிஷம் பேச்சில்லை. காபி மெஷின் சத்தம், யாரோ ஸ்பானிஷில் சிரிக்கிறார்கள், அவன் மூச்சு. அப்புறம்: "அண்ணே, நாலரைக்கு ஏறணும். இப்ப மூணே முக்கால். நான் அனுப்புனதையெல்லாம் அழிச்சிரு, அப்பா கேக்க வேணாம்."

சித்தப்பா ஏற்கெனவே கேட்டுவிட்டிருந்தார். நான் எதையும் அழிக்கவில்லை.