கட்டாய வகுப்பில் கடவுள்

அமெரிக்காவில் இருநூறுக்கும் மேற்பட்ட கத்தோலிக்கக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் உள்ளன. அவற்றுள் பெயர்பெற்ற நோட்டர் டேம், ஜார்ஜ்டவுன், பாஸ்டன் காலேஜ் ஆகிய மூன்றிலும், கணக்கியல் படிக்க வந்தவராயினும் இயற்பியல் படிக்க வந்தவராயினும், இளங்கலைப் பட்டம் பெறுவதற்குள் இரண்டு இறையியல் பாடங்களை முடித்தாக வேண்டும். மாணவர் கத்தோலிக்கரா, யூதரா, இந்துவா, கடவுளே இல்லை என்பவரா என்ற பாகுபாடு இல்லை; விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஜார்ஜ்டவுனில் முதலாண்டு மாணவர் பலர் இதற்காக எடுக்கும் பாடத்தின் பெயர் ‘கடவுள் என்னும் சிக்கல்’. விடையை விட்டுவிட்டுக் கேள்வியைப் பெயராக வைத்திருக்கிறார்கள். இந்த ஏற்பாட்டை மதத் திணிப்பு என்று ஒரு சாரார் குறை சொல்கிறார்கள்; விசுவாசத்தை நீர்த்துப்போகச் செய்யும் படிப்பு என்று இன்னொரு சாரார். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம்: தன் சமயத்தைச் சிந்தனையாகக் கற்பிக்கும் பல்கலைக்கழகம், பிறர் சமயங்களைப் பெரும்பாலும் தகவலாகக் கற்பிக்கிறது.

இந்தப் பாடம் தொன்றுதொட்டு வருவது போலத் தோன்றும். உண்மையில் அது வயதில் இளையது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இறையியல் என்பது குருமடத்துச் சொத்து. கத்தோலிக்கக் கல்லூரியில் படித்த பொதுநிலையினருக்குக் கிடைத்தது, சிறு வயதில் மனப்பாடம் செய்த ஞானோபதேசத்தின் நீட்சிதான். பெண்கள் இறையியலில் உயர்பட்டம் பெற வழியே இருக்கவில்லை. 1943இல் இந்தியானா மாநிலத்துச் செயின்ட் மேரிஸ் கல்லூரியில் அருட்சகோதரி மேடலீவா வுல்ஃப் அந்த வழியைத் திறந்தார். அடுத்த ஆண்டே இயேசு சபை இறையியலாளர் ஜான் கோர்ட்னி மர்ரி, பொதுநிலையினருக்கான இறையியல் குருமாணவருக்கான பாடத்தின் சுருக்கமாக இருக்கக்கூடாது, தனியாகவே உருவாக வேண்டும் என்று எழுதினார். 1954இல் இதைக் கற்பிக்கும் கல்லூரி ஆசிரியர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். பிறகு இரண்டாம் வத்திக்கான் சங்கம். அதன் பின் 1967இல் நோட்டர் டேம் தலைவர் தியோடர் ஹெஸ்பர்க் முன்னின்று வெளியிட்ட லேண்ட் ஓ’லேக்ஸ் அறிக்கை. கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்கு வெளி அதிகாரம் எதிலிருந்தும் விடுபட்ட தன்னாட்சி வேண்டும் என்று சொன்ன அதே அறிக்கை, இறையியல் இல்லாமல் அத்தகைய பல்கலைக்கழகம் இருக்க முடியாது என்றும் சொன்னது. ஆகவே இன்றைய கட்டாயப் பாடத்தின் பின்னால் இருப்பது பழைய அதிகாரம் மட்டுமல்ல. சாதாரண மாணவருக்கும் கடவுளைப் பற்றி ஒழுங்காகச் சிந்திக்கும் தகுதி உண்டு என்ற, போராடிப் பெற்ற நம்பிக்கையும் அதில் இருக்கிறது.

அந்த நம்பிக்கை வகுப்பறையில் என்ன செய்கிறது என்பதற்குத் தாமஸ் அக்குவினாஸ் நல்ல சான்று. ‘இறையியல் தொகுப்பு’ என்ற அவருடைய பெருநூலில் கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வி வருமிடத்தில், இருக்கிறார் என்ற வாதம் முதலில் வருவதில்லை. உலகில் தீமை இருக்கிறதே என்ற தடையும், இயற்கையையும் மனித அறிவையும் கொண்டே எல்லாவற்றையும் விளக்கிவிடலாமே என்ற தடையும் முன்னே வைக்கப்படுகின்றன. இன்றைய நாத்திகர் கையில் எடுக்கும் இரண்டு பெரிய ஆயுதங்களும் பதின்மூன்றாம் நூற்றாண்டுத் துறவியின் ஏட்டில் முதல் வரிசையில் கிடக்கின்றன. பிறர் கொள்கையான பரபக்கத்தை முதலில் சொல்லிப் பிறகு தன் கொள்கையான சுபக்கத்துக்கு வரும் சிவஞான சித்தியாரை அறிந்த தமிழருக்கு இந்த முறை புதிதல்ல. இப்படி ஒரு நூலைப் படிக்கும் பத்தொன்பது வயது மாணவர், நம்பிக்கை என்பது வாதத்துக்கு அஞ்சி ஒதுங்குவதல்ல என்பதைக் காண்கிறார். மறுப்பதற்கும் உழைப்பு வேண்டும் என்பதையும் காண்கிறார். அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகங்களில் வளர்ந்த சமயவியல் துறைக்கு இந்த வேலை கிடையாது. அரசுப் பள்ளிகளில் பக்திச் செயலாக விவிலியம் வாசிப்பது கூடாது, சமயத்தைப் பற்றி நடுநிலையாகக் கற்பிக்கலாம் என்று 1963இல் உச்ச நீதிமன்றம் பிரித்துச் சொன்ன பிறகு அந்தத் துறைகள் பெருகின. அவை மனிதர் எதை நம்புகிறார்கள், எப்படி வழிபடுகிறார்கள் என்று கேட்கின்றன. அது பெறுமதியான கேள்விதான். ஆனால் நம்புவது உண்மையா என்ற கேள்வியை ஒரு மாணவர் நாலாண்டுப் படிப்பில் ஒருமுறையாவது வகுப்பறையில் நேருக்கு நேர் சந்திக்க வேண்டும் அல்லவா? கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் அதற்கு இடம் தருகிறது. இதைவிடப் பெரிய நியாயம் இந்தப் பாடத்துக்கு வேண்டியதில்லை.

கட்டாயப்படுத்தலாமா என்பது அடுத்த கேள்வி. இங்கே பலரும் ஜான் ஹென்றி நியூமனைத் துணைக்கு அழைக்கிறார்கள். 1852இல் டப்ளினில் ஆற்றிய உரைகளில் அவர், இறையியலும் ஓர் அறிவுத்துறை, அதை விலக்கினால் அந்த வெற்றிடத்தில் மற்றத் துறைகள் எல்லை மீறிப் புகும் என்று வாதிட்டார். வலுவான வாதம். ஆனால் அது மெய்ப்பிப்பது பல்கலைக்கழகத்தில் இறையியல் இருக்க வேண்டும் என்பதை மட்டுமே. ஒவ்வொரு மாணவரும் அதில் தேர்ச்சி பெற வேண்டும் என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டும். கட்டாயம் இல்லாவிட்டால் என்ன ஆகிறது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் நிறுவனத்தில் ஒருவரை அவர் சம்மதமின்றி சமய போதனைக்கு உட்படுத்தக்கூடாது என்கிறது இந்திய அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு. சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரிகளில் மற்றவர் பெரும் எண்ணிக்கையில் படிக்கும் நாட்டில் அது சரியான காவல். அதன் விளைவாகத் தமிழகக் கத்தோலிக்கக் கல்லூரிகளில் கத்தோலிக்க மாணவர் மறைக்கல்விக்கும் மற்றவர் நன்னெறி வகுப்புக்கும் பிரிந்து செல்லும் வழக்கம் உருவானது. மனச்சான்று காப்பாற்றப்படுகிறது, ஆனால் வெவ்வேறு நம்பிக்கையினர் ஒரே அறையில் உட்கார்ந்து கடவுளைப் பற்றி வாதிக்கும் வாய்ப்பு போய்விடுகிறது. ஜார்ஜ்டவுன் வகுப்பில் அந்த வாய்ப்பு இருக்கிறது. தேர்வு விடைத்தாளில் மதிப்பெண் நம்பிக்கைக்கு அல்ல, வாதத்துக்கு என்பது உறுதியாக இருக்கும் வரை, தானே விரும்பி அந்தப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்த மாணவர் மேல் சுமத்தப்படும் இந்தக் கட்டாயத்தை அநியாயம் என்று சொல்ல முடியாது. விசுவாசம் நீர்த்துப்போகிறது என்ற மறுபக்கக் கவலைக்கும் இதிலேயே பதில் இருக்கிறது: விசுவாசத்தை ஊட்டி வளர்ப்பது குடும்பத்தின், பங்கின் வேலை. இரண்டு பருவப் பாடங்களிடம் அதை எதிர்பார்ப்பது பாடத்துக்கும் நல்லதல்ல, விசுவாசத்துக்கும் நல்லதல்ல.

மாணவர் வாதிக்கலாம், ஆசிரியர் வாதிக்கலாமா? 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 812ஆம் விதிப்படி, உயர்கல்வி நிறுவனங்களில் இறையியல் கற்பிக்கும் கத்தோலிக்கர் திருச்சபை அதிகாரியின் ஆணையுரிமை பெற வேண்டும். 1990இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் வெளியிட்ட கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்கான சட்டமும் அதை வலியுறுத்தியது. அதற்கு முன்பே இறையியல் ஆசிரியர் சார்ல்ஸ் கரனின் விவகாரம் நடந்து முடிந்திருந்தது. வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1967இல் அவருடைய பணியை நீட்டிக்க மறுத்தபோது மாணவரும் ஆசிரியரும் வகுப்புகளைப் புறக்கணித்தார்கள். முடிவு திரும்பப் பெறப்பட்டது. 1986இல் பாலியல் அறநெறி பற்றிய அவருடைய மாற்றுக் கருத்துகளுக்காக, கத்தோலிக்க இறையியல் கற்பிக்கத் தகுதியற்றவர் என்று வத்திக்கான் அறிவித்தது. அவர் தொடுத்த வழக்கில் 1989இல் பல்கலைக்கழகமே வென்றது. தன் போதனை எது என்று சொல்லும் உரிமை திருச்சபைக்கு உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் எதிர்வாதத்தை முதலில் வைத்த அக்குவினாஸைப் பாடமாக வைக்கும் நிறுவனம், எதிர்வாதம் செய்தவரை வகுப்பிலிருந்து விலக்கும்போது மாணவர் கற்றுக்கொள்வது என்ன? பல பல்கலைக்கழகங்கள் ஆணையுரிமையை ஆயருக்கும் ஆசிரியருக்கும் இடையிலான சொந்த விஷயம் என்று விட்டுவிட்டிருக்கின்றன. ஆசிரியரைக் காக்கும் நல்லெண்ணம் அதில் இருந்தாலும், தன் முன் நிற்பவர் எந்த எல்லைக்குள் நின்று பேசுகிறார் என்பது கட்டாயமாக உட்கார வைக்கப்பட்ட மாணவருக்குத் தெரியாமல் போகிறது. எல்லை இருப்பதைவிட அது மறைந்திருப்பதே படிப்பைக் கெடுக்கும்.

பிற சமயங்கள் இந்தப் படிப்பில் பெறும் இடம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. 1965இல் வெளியான, கிறிஸ்தவமல்லாத சமயங்கள் பற்றிய வத்திக்கான் சங்க அறிக்கை, அவற்றில் உண்மையும் தூய்மையும் உள்ள எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று சொன்னது. அதன் பிறகு இந்து சமயம், இஸ்லாம், பௌத்தம் எல்லாம் பாடத்திட்டத்துக்குள் வந்தன. ஆனால் வந்த விதத்தைப் பாருங்கள். கிறிஸ்தவ இறையியலாளர் அகுஸ்தீனார் வகுப்பில் சிந்தனையாளராக வருகிறார், அவரோடு மல்லுக்கட்டலாம். இந்து சமயமோ பெரும்பாலும் நான்கு ஆசிரமம், கர்மம், திருவிழா, கோயில் என்ற பட்டியலாக வருகிறது. சைவ சித்தாந்தி மெய்கண்டாரோ வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகரோ, இவர் சொல்வது சரியா என்று கேட்கத்தக்க ஒருவராக வருவது அரிது. ஒருவரோடு வாதிடுவதும் அவருக்குச் செய்யும் மரியாதைதான். விவரித்துவிட்டு நகர்வதில் அந்த மரியாதை இல்லை.

இது மாற முடியும் என்பதற்கு பாஸ்டன் காலேஜிலேயே சான்று உண்டு. இயேசு சபைக் குருவான ஃபிரான்சிஸ் க்ளூனி 1984 முதல் 2005 வரை அங்கே கற்பித்தார். நம்மாழ்வாரின் திருவாய்மொழியை அதன் வைணவ உரைகளோடு சேர்த்துப் படித்து 1996இல் ஒரு நூல் எழுதினார். 2008இல் கத்தோலிக்கப் புனிதர் ஃபிரான்சிஸ் டி சேல்ஸையும் தேசிகரின் ரகஸ்யத்ரயசாரத்தையும் அருகருகே வைத்து, இறைவனிடம் தன்னை ஒப்படைப்பது பற்றி இன்னொரு நூல். இரண்டிலும் ஆசாரியர்கள் ஆய்வுப் பொருள்கள் அல்லர்; உடன் இருந்து வாதிப்பவர்கள். கத்தோலிக்கக் குரு ஆழ்வாரைப் படிப்பதில் நோக்கம் என்ன என்று சந்தேகிப்போர் உண்டு. மதமாற்றத்தின் நீண்ட வரலாறு அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் தருகிறது. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. அதற்குச் சரியான பதில், அந்தந்த மரபுக்குள் நிற்கும் அறிஞர்களையே இறையியல் துறையில் நியமிப்பது. கத்தோலிக்கரல்லாத ஆசிரியருக்கு ஆணையுரிமை தேவையில்லை என்பதால் சட்டத்தடையும் பெரிதாக இல்லை.

இப்படி ஒரு வகுப்பை எண்ணிப் பாருங்கள். அகுஸ்தீனாருக்கும் பெலாஜியுசுக்கும் இடையே நடந்த சண்டை எந்தக் கிறிஸ்தவ இறையியல் அறிமுகப் பாடத்திலும் முக்கிய இடம் பெறுவது: மனிதர் மீட்படைவதில் அவருடைய முயற்சிக்குப் பங்கு உண்டா, எல்லாம் இறையருளா? தாய்க்குரங்கைத் தானே பற்றிக்கொள்ளும் குட்டியா, தாய்ப்பூனை வாயால் கவ்விச் செல்லும் குட்டியா என்று வைணவத்தில் வடகலையாரும் தென்கலையாரும் நூற்றாண்டுக்கணக்கில் வாதிட்டதும் ஏறத்தாழ இதே கேள்வியைத்தான். இரண்டு வழக்கையும் ஒரே வாரத்தில் படிக்க வைத்து, தென்கலை ஆசாரியர் பிள்ளை லோகாசாரியார் அகுஸ்தீனாருக்கு என்ன மறுமொழி சொல்லியிருப்பார் என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னால், கத்தோலிக்க மாணவரும் வைணவ வீட்டிலிருந்து வந்த மாணவரும் ஒரே அளவு திணற வேண்டியிருக்கும்.