மண்ணும் வினைச்சொல்லும்: மாணவர் சிற்பங்களைத் தமிழில் எழுதுதல்

1. முன்னுரை

சிற்பம் பற்றித் தமிழில் எழுதப்படும் திறனாய்வின் பெரும்பகுதி மொழிபெயர்ப்பாகவோ மொழிபெயர்ப்பின் சாயல் கொண்டதாகவோ அமைந்துள்ளது. இத்தகைய எழுத்தில் பெயர்ச்சொற்களுக்கு நிகரன் தேடுவதில் காட்டப்படும் கவனம், வினைச்சொற்களைத் தெரிந்தெடுப்பதில் காட்டப்படுவதில்லை. நம் கலைச்சொல் தொகுப்புகளும் பெயர்ச்சொற்களையே மிகுதியாகத் தருகின்றன. ஆயின் ஓர் உருவம் எவ்வாறு உருவாயிற்று என்பதைச் சொல்வது வினைச்சொல்லே. அது பிழைபடின் வருணனை மட்டுமன்றி மதிப்பீடும் பிழைபடும்.

மண்ணில் பயிலும் மாணவரின் ஆக்கங்களைப் பற்றி எழுதும்போது இக்குறை தெளிவாகப் புலப்படுகிறது. முடிந்த பொருளைக் காட்டிலும் அதைச் செய்த முறையே மாணவர் படைப்பில் முதன்மை பெறுகிறது. சாந்திநிகேதனின் கலா பவன மாணவர்கள் மண்ணில் செய்த பணியைச் சான்றாகக் கொண்டு, அதனைத் தமிழில் எழுதுவோர் எதிர்கொள்ளும் சொற்சிக்கல்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

2. கறுப்பு வீடு

கலா பவனம் 1919-இல் தொடங்கப்பெற்றது. நந்தலால் போசின் தலைமையில், கலைப்பயிற்சி வகுப்பறையைக் கடந்து சுவருக்கும் முற்றத்துக்கும் வந்தது. 1930-களின் இடைப்பகுதியில் மூத்த மாணவர் தங்குவதற்கென மண்சுவர் விடுதி ஒன்று எழுப்பப்பட்டது. மழையைத் தாங்குவதற்காகத் தார் பூசப்பட்டமையால் அது 'காலோ பாரி', அதாவது கறுப்பு வீடு, எனப் பெயர் பெற்றது. நந்தலால் போஸ், ராம்கிங்கர் பைஜ் ஆகியோரின் வழிகாட்டலில் மாணவர்கள் அதன் சுவர்களில் புடைப்புருவங்களை அமைத்தனர். பார்குத் சிற்பங்கள், சிந்துவெளி முத்திரைகள், எகிப்திய உருவங்கள் ஆகியவை அவர்களுக்கு மூலங்களாயின. சாந்திநிகேதன் 2023-இல் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. எனவே இச்சுவர்களைப் பற்றி இந்திய மொழிகளில் எழுதவேண்டிய தேவை இனி மிகும்.

பழைய உருவங்களைப் பார்த்துச் செய்வது தனித்த படைப்புணர்வுக்கு எதிரானது என்று முதற்பார்வையில் தோன்றலாம். 'மாணவர்கள் நகலெடுத்தனர்' என்று ஒருவர் எழுதினால் அதைப் பொய் எனக் கூற இயலாது. ஆயினும் அச்சொல் நிகழ்ந்ததில் பாதியையே சொல்கிறது. பார்குத்தில் உள்ளது கல். முத்திரையில் உள்ளது விரலளவே ஆன குடைவு. கல்லில் நிற்கும் கூரிய விளிம்பு சுவர்மண்ணில் நில்லாது; உலரும்போது வெடிக்கும், மழையில் கரையும். முத்திரையின் நுண்கோடு சுவரளவுக்குப் பெருகும்போது தன் இறுக்கத்தை இழக்கும். அதன்மேல் பூசப்படும் தாரின் கருமையோ மெல்லிய நிழல்களை விழுங்கிவிடும். எனவே எதைத் தடிப்பாக்குவது, எதை விடுவது, எந்த வளைவை மட்டும் காப்பாற்றுவது என்பதை ஒவ்வொரு மாணவரும் தம் கையால் முடிவுசெய்ய நேர்ந்திருக்கும்.

இதனை மொழிபெயர்ப்பு என்பதே பொருந்தும். மூலம் தருவதையெல்லாம் இலக்குமொழி ஏற்பதில்லை. அது மறுக்கும் இடங்களிலேயே மொழிபெயர்ப்பாளரின் தனித்தன்மை தெரிகிறது. அவ்வாறே மண் மறுத்த இடங்களில்தான் அம்மாணவர்களின் தனித்தன்மையைத் தேடவேண்டும்.

இவ்விடத்தில் ஒரு பெயர்ச்சொல்லையும் திருத்திக்கொள்ள வேண்டும். மண்ணால் ஆன புடைப்புருவம் என்றவுடன் 'சுடுமண் சிற்பம்' என்று எழுதிவிடுவது எளிது. கறுப்பு வீட்டின் உருவங்களோ சூளை காணாதவை. சுடாத மண்ணுக்குத் தமிழில் 'பசுமண்' என்ற சொல் உண்டு. திருக்குறளின் 660-ஆம் குறளில் நீர் நில்லாத கலத்தைக் குறிக்க அது ஆளப்பெறுகிறது. சுட்ட மண் மீண்டும் சேறாகாது. பசுமண் ஒவ்வொரு மழையிலும் பழுதுபார்ப்பை வேண்டும். ஆண்டுதோறும் காக்கப்படவேண்டிய சுவரைச் 'சுடுமண்' என்று எழுதினால், அதனைக் காப்போரின் உழைப்பு வாசகர் கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

3. செதுக்குதலும் அப்புதலும்

மண் தொடர்பான தமிழ் வினைகள் வளமானவை. மண்ணை மிதிக்கிறோம், பிசைகிறோம், திரட்டுகிறோம். சக்கரத்தில் கலத்தை வனைகிறோம், கையால் உருவத்தைப் பிடிக்கிறோம், கூட்டின்மேல் அப்புகிறோம், அச்சில் வார்க்கிறோம். கல்லையும் மரத்தையும் செதுக்குகிறோம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்ற பழமொழியில் 'பிடித்தல்' என்ற வினை எவ்வளவு துல்லியமாக நிற்கிறது என்பதை நோக்குக. செதுக்கப்பட்ட பிள்ளையார் குரங்காவது அரிது. கையில் நெகிழும் பொருளே நினைத்ததை விட்டு வேறொன்றாகும்.

இத்தகைய வளம் இருந்தும், நம் கலை எழுத்தில் 'செதுக்குதல்', 'வடித்தல்' ஆகிய இரண்டுமே எல்லாவற்றுக்கும் பொதுவினைகளாக ஆளப்பெறுகின்றன. இதற்கு ஒரு காரணம் 'சிலை' என்ற சொல்லிலேயே உள்ளது. கல் என்னும் பொருளுடைய வடசொல்லின் வழிவந்த அது, இன்று எப்பொருளால் ஆன உருவத்தையும் குறிக்கும். 'மண்சிலை' என்பதில் உள்ள முரணை எவரும் உணர்வதில்லை. எனினும் கல்லின் நினைவு வினைச்சொல்லில் தங்கிவிடுகிறது. சிலை என்றவுடன் உளி வந்துவிடுகிறது.

ராம்கிங்கர் பைஜின் 'சந்தால் குடும்பம்' (1938) இதற்குத் தக்க சான்று. 1925-இல் மாணவராக வந்து, பின்னர் அங்கேயே ஆசிரியராகத் தங்கிய ராம்கிங்கர், இதனைக் கல்லிலோ வெண்கலத்திலோ செய்யவில்லை. கம்பிக் கூட்டின்மேல் செம்புறைக் கற்பொடி கலந்த சிமெண்டுச் சாந்தை அப்பி உருவாக்கினார். 'ராம்கிங்கர் செதுக்கிய சந்தால் குடும்பம்' என்று எழுதுவது தகவற்பிழை மட்டுமன்று. செதுக்குதல் நீக்கிச் செல்வது, அப்புதல் சேர்த்துச் செல்வது. முன்னதில் உருவம் பாறைக்குள் முன்பே இருந்ததாகக் கற்பனை செய்யலாம். பின்னதில் வெற்றிடத்தில் கை வைத்துத் தொடங்கவேண்டும். இடம்பெயர்ந்து செல்லும் உழைப்பாளர் குடும்பம் தரையிலிருந்து எழுந்து நடப்பது போன்ற தோற்றத்தை, அந்த நிலத்தின் செம்புறையே அவ்வுருவத்தின் தோலாக நிற்பதிலிருந்து பிரித்துப் பேச இயலாது.

வினைச்சொல் காலத்தையும் உணர்த்துகிறது. கல்லில் சிதைந்தது சிதைந்ததே. ஈரமண்ணில் எதையும் அழித்து மீண்டும் தொடங்கலாம். சிமெண்டுச் சாந்து இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது; சில மணி நேரத்தில் இறுகிவிடும். ஆகவே அதில் வேலை செய்பவர் விரைந்து முடிவெடுக்க வேண்டும். 'சந்தால் குடும்ப'த்தின் மேற்பரப்பில் காணப்படும் கரடுமுரடை, முடிக்கப்படாமையாகவன்றி அந்த விரைவின் தடமாகப் படிக்க 'அப்பினார்' என்ற வினை இடந்தருகிறது. 'செதுக்கினார்' என்பது இடந்தராது.

ராம்கிங்கர் பிறந்த பாங்குரா மாவட்டத்தின் மண்குதிரைகளில் கால், கழுத்து முதலிய உறுப்புகள் சக்கரத்தில் வனையப்பட்டுப் பின்னர் இணைக்கப்படுகின்றன. தமிழகத்தில் புரவியெடுப்பு விழாவுக்காக வேளார் செய்யும் ஐயனார் குதிரையும் உட்கூடான உருவமே. கலம் செய்யும் கைத்திறன் உருவம் செய்யும் திறனாக இரு பகுதிகளிலும் வளர்ந்துள்ளது. எனவே பாங்குராக் குதிரையைத் தமிழில் எழுதுவோர் ஆங்கிலத்தின் வழியே புதுச்சொல் புனைவதற்குமுன், வேளார் வழக்கில் உள்ள சொல்லைக் கேட்டறிதல் நன்று.

4. 'வெளிப்பாடு' என்னும் சொல்

மாணவர் கலையைப் பற்றிய எழுத்துகளில் 'படைப்பு வெளிப்பாடு' என்ற தொடர் மிகுதியாக வழங்குகிறது. இதன் ஆங்கில மூலச்சொல் இலத்தீனில் 'அழுத்தி வெளிக்கொணர்தல்' என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்தது. தமிழில் அழுத்துதல் நீங்கி, வெளிப்படுதல் மட்டும் எஞ்சியுள்ளது. இதனால் மாணவர் உள்ளத்தில் முன்பே முழுமையாக இருந்த ஒன்று தடையின்றி வெளியே வந்தது என்ற எண்ணம் தோன்றுகிறது.

இவ்வெண்ணம் நமக்குப் புதிதன்று. கோவூர்கிழார் பாடிய புறநானூற்றின் 32-ஆம் பாடல் வேட்கோச் சிறாரை, அதாவது குயவர்குலத்து இளையோரை, உவமையாக்குகிறது. அவர்கள் திகிரியில் இட்ட மண் அவர்கள் கருதிய வடிவத்தைக் கொள்வதுபோல, நாடு வேந்தன் எண்ணியவாறு ஆகும் என்பது அதன் கருத்து. அரசனின் ஆற்றலைப் புகழ அவ்வுவமை முற்றும் பொருந்தும். ஆனால் அச்சிறார் அத்திறனை அடைவதற்குமுன் எத்தனை கலங்கள் சரிந்திருக்கும் என்பதைச் சொல்வது அப்பாடலின் வேலையன்று. திறனாய்வாளரின் வேலை அதுவே.

மண் பயிலும் மாணவர் முதலில் அறிவது தம் எண்ணம் அப்படியே நிறைவேறாது என்பதை. உலரும்போதும் சுடும்போதும் மண் சுருங்குகிறது. பல மண்வகைகளில் மொத்தச் சுருக்கம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. தடித்த பகுதியும் மெல்லிய பகுதியும் ஒரே வேகத்தில் உலராமையால் இணைப்பில் விரிசல் காண்கிறது. ஈரம் முற்றும் நீங்காத உருவம் சூளையில் வெடிக்கிறது. இவற்றை அறிந்தபின் மாணவர் எண்ணும் முறையே மாறுகிறது. உருவத்தை உட்கூடாகவும் ஒரே தடிப்பாகவும் எண்ணப் பழகுகிறார். கை கற்றதைக் கருத்து ஏற்கிறது. ஆகவே மண்வேலையில் உள்ளிருந்தது வெளிப்பட்டது என்பதைவிட, முன்பு இல்லாத ஒன்று கைக்கும் மண்ணுக்கும் இடையே உருவாயிற்று என்பதே உண்மைக்கு அணித்தானது. 'வெளிப்பாடு' என்ற சொல்லை விலக்கவேண்டும் என்பதன்று என் கருத்து. அது வரும் வாக்கியத்தில் மண்ணும் எழுவாயாகவேனும் செயப்படுபொருளாகவேனும் இடம்பெற வேண்டும் என்பதே.

5. கலையும் கைவினையும்

மட்பாண்டத்தைக் கைவினை என்றும் சிற்பத்தைக் கலை என்றும் பிரிப்பது மற்றொரு மொழிபெயர்ப்புச் சிக்கல். சென்னையில் 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளியின் தொடக்ககாலப் பயிற்சிகளுள் மட்பாண்டத் தொழிலும் ஒன்று. அங்கே மண் நுழைந்தது தொழிற்கல்வியாகவே. அப்பள்ளியின் வழிவந்த இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரியில் சிற்பமும் செராமிக்கும் தனித்தனிப் பிரிவுகளாக உள்ளன. நிர்வாக வசதிக்கான இப்பிரிவு மதிப்புப் படிநிலையாக மாறிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. ஒரே மண்ணில் இரு மாணவர் வேலை செய்ய, ஒருவரைப் படைப்பாளி என்றும் மற்றவரைத் தொழில் கற்பவர் என்றும் மொழி பிரித்துவிடுகிறது.

கே. ஜி. சுப்ரமணியனின் வாழ்க்கை இப்பிரிவை மறுப்பதாக அமைந்தது. சென்னையில் பொருளியல் பயின்று, விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்ற அவர், 1944-இல் கலா பவனத்தில் மாணவரானார். பின்னர்ப் பரோடாவிலும் சாந்திநிகேதனிலும் ஆசிரியராக விளங்கி 2016-இல் மறைந்தார். லக்னோவின் ரவீந்திராலயத்தில் அவர் 1960-களில் அமைத்த பெருஞ்சுவர்ப்படைப்பு ஆயிரக்கணக்கான சுடுமண் துண்டுகளால் ஆனது. தாகூரின் நாடகம் ஒன்றைத் தழுவியது. 1970-களின் சுடுமண் புடைப்புருவங்களில் அவர் மண்ணைத் தகடாக்கி, வெட்டி, மடித்து, உருட்டி ஒட்டியிருக்கிறார். அடுப்பங்கரையில் மாவுக்கு ஆளும் வினைகளே இவற்றை விளக்கப் போதுமானவை. 'செதுக்குதல்' இங்கும் பயன்படாது. போரின் கொடுமையைப் பேசும் உருவங்களை இவ்வெளிய வினைகள் தாங்கி நிற்பதில்தான் அவற்றின் வலிமை உள்ளது.

'கைவினை' என்ற தமிழ்ச்சொல்லைப் பிரித்து நோக்கினால் அதில் இழிவு ஏதுமில்லை. கையின் வினை என்பதே அதன் பொருள். சிலப்பதிகாரம் புகார் நகரத்து வினைஞர்களை எண்ணுமிடத்தில் 'கண்ணுள் வினைஞர்', 'மண்ணீட்டாளர்' ஆகியோரை அடுத்தடுத்து நிறுத்துகிறது. கண்ணைக்கொண்டு ஒருவரும் மண்ணைக்கொண்டு ஒருவரும் பெயர் பெறுகின்றனர். தாழ்வு உயர்வு சொல்லப்படவில்லை. தாழ்வு பிற்கால வகைப்பாட்டினால் வந்தது. அதனை மொழிபெயர்ப்பில் மீண்டும் மீண்டும் புதுப்பிப்பவர் நாமே.

6. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. மண்ணாலான படைப்பைத் தமிழில் எழுதுவோர், அது சுடப்பட்டதா சுடப்படாததா என்பதை முதலில் அறிதல் வேண்டும். அடுத்து, அது சேர்த்துச் செய்யப்பட்டதா நீக்கிச் செய்யப்பட்டதா என்பதை அறிந்து அதற்குரிய வினையை ஆளுதல் வேண்டும். மூன்றாவதாக, கலைச்சொல் தொகுப்போர் பெயர்ச்சொற்களோடு நில்லாது, சூளைக்கருகிலும் பயிற்சிக்கூடத்திலும் வழங்கும் வினைச்சொற்களைத் திரட்டுதல் வேண்டும். 'செய்தார்' என்ற பொதுவினை எங்கும் பொருந்துமே என்று சிலர் கூறலாம். பொருந்தும், ஆயின் ஒரு மாணவர் ஆண்டுக்கணக்கில் கற்ற வேறுபாடுகள் அனைத்தும் அதில் மறைந்துபோகும். கறுப்பு வீட்டுப் புடைப்புருவங்களில் பெரும்பாலானவை செய்தவர் பெயரைத் தாங்கி நிற்கவில்லை. அவர்களுடைய கை என்ன செய்தது என்பதையேனும் நம் வாக்கியங்கள் சரியாகச் சொல்லவேண்டும்.